ஃபோன் மாமாவின் மடி

1

மே மாதத்தில் ஒரு காலை. அயர்லாந்தில் நான் குடியிருக்கும் கார்க் நகரத்து மாடி பஸ்ஸில் மேலே ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை. இங்கே மழையைச் செய்தியாகச் சொல்லக் கூடாது, அது பாட்டுக்குப் பெய்துகொண்டேதான் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தங்கச்சி செல்வியிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது.

"அண்ணே, நாள் குறிச்சாச்சு. ஆவணியில மொத வளர்பிற வெள்ளிக்கிழம. நீ வந்தா உம் மடி. வரலைன்னா கணேசன் மடி. இனியும் எம்பிள்ள காத வெறுங்காதா வச்சுக்கிட்டு என்னால ஊருக்குள்ள நடமாட முடியாது. அம்புட்டுதான்."

திரும்பத் திரும்பக் கேட்டேன். நாள் மனதில் நிற்கவில்லை, மாதம் நிற்கவில்லை. 'கணேசன் மடி' என்பது மட்டும் நெஞ்சில் தைத்துக்கொண்டு நின்றது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் இறங்கி நனைந்துகொண்டே நடந்தேன்.

விஷயம் இதுதான். செல்விக்கு ஒரே மகள், ஹரிணி. ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அவளுக்கு இன்னும் காது குத்தவில்லை. எங்கள் பக்கத்தில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன்மார் இரண்டு பேர் இருந்தால் மூத்தவன் மடி. மூத்தவன் நான். இளையவன் கணேசன், ராஜபாளையத்தில் பஞ்சாலையில் எலக்ட்ரீசியன். அப்பா, அம்மா இருவரும் போன பிறகு குடும்பத்தில் மூத்த மரியாதை எனக்குத்தான். "நான் உசிரோட இருக்கும்போது என் மருமகள் வேற மடியில உக்கார்றதா?" என்று நான் ஒரு காலத்தில் போனில் முழங்கியிருக்கிறேன். அதை நம்பி அவர்களும் காத்திருந்தார்கள்.

போக முடிந்ததா? முதலில் புது வேலை, லீவு இல்லை. அடுத்து என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிப் போனது. புது அட்டைக்கு எழுதிப் போட்டால், 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது' என்று கடிதம் வரும். சரி, அந்தக் கடிதத்தைக் காட்டி ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டு எழுதினால், 'உங்கள் கேள்வி பரிசீலனையில் உள்ளது' என்று இன்னொரு கடிதம் வரும். அட்டை வந்து சேர்ந்த பிறகு பள்ளிக்கூடம் குறுக்கே வந்தது. இங்கே என் மகனுக்குப் பெரிய லீவு விடுவது நம் ஊர் ஆடியில். ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள். ஆவணி பிறந்து நல்ல நாள் பார்ப்பதற்குள் இங்கே பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஆடிக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளையின் காது மாட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்கிற அன்று, வெறுங்காது தெரியக் கூடாது என்று செல்வி கல் வைத்த பொட்டு இரண்டை எடுத்துக் காதில் ஒட்டி அனுப்பினாளாம். அதில் ஒன்று வழியில் விழுந்துவிட்டது. போட்டோவில் ஒரு காது மின்னுகிறது, இன்னொன்று மொட்டையாக இருக்கிறது. அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை.

2

கணேசன் நல்லவன். அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சலே.

ஷிப்ட் முடிந்ததும் ராஜபாளையத்திலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்விடுவான். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கேட்க ஆளில்லை. ஹரிணியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவருவது அவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் ஊசி போடக் கூட்டிப்போவது அவன். மாப்பிள்ளை பாண்டியராஜ் போலீஸில் ஏட்டு. திருவிழா, பந்தோபஸ்து என்று பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அந்த இடத்தையும் கணேசனே நிரப்பிக்கொண்டான்.

நான் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவேன். செல்வி போனை நீட்டி, "ஏட்டி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்பாள். ஹரிணி வணக்கம் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். பிறகு நான் செல்வியின் வீட்டுக் கூரையில் சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன், போனைக் கட்டிலில் மல்லாத்திப் போட்டுவிட்டு ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே பைக் சத்தம் கேட்கும். "மாமா!" என்று ஒரு கூச்சல் கேட்கும் பாருங்கள், எனக்குச் சொன்ன வணக்கத்தையெல்லாம் கூட்டிப் போட்டாலும் அந்தச் சத்தத்தில் கால்வாசி வராது.

ஒருநாள் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எனக்கு ரெண்டு மாமா. ஒண்ணு மாமா. இன்னொண்ணு ஃபோன் மாமா."

என் மனைவி ஜெயந்தி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் காதில் புகை வந்தது. அவ்வளவு தூரம் வந்து, குளிரில் விறைத்து, மருந்து கம்பெனியில் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் நின்று சம்பாதிக்கிறவன் ஃபோன் மாமா. பைக்கில் வந்து முறுக்கு வாங்கிக் கொடுக்கிறவன் அசல் மாமா. நியாயமா இது?

3

லீவு எழுதிக் கொடுத்தேன். மகன் அகிலன் பள்ளி திறந்து சில நாள் கழித்துத்தான் வருவான் என்று மன்னிப்புக் கடிதம் எழுதினேன். டிக்கெட் போட்டேன். அடுத்து, தாய்மாமன் சீர்.

தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாம் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். அதெல்லாம் கடமைக்கு. பிள்ளை வாயைப் பிளக்கிற மாதிரி ஒரு பொருள் வெளிநாட்டிலிருந்து இறங்க வேண்டும், அதைப் பார்த்ததும் அவளே ஓடிவந்து மடியில் ஏற வேண்டும் என்பது என் திட்டம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளையே பிடித்துக் கேட்டேன்.

"ஹரிணிக் குட்டி, மாமா உனக்கு டேப்லெட் வாங்கிட்டு வரட்டுமா, கையில வச்சு விளையாடுற கேம் பெட்டி வாங்கிட்டு வரட்டுமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சின்ன மாமாட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. மறுநாளே செல்வி எழுதியிருந்தாள்: கேம் பெட்டியாம். கணேசனும் அதையே சொன்னானாம்.

சனிக்கிழமை அகிலனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். அவனுக்குப் பதிமூன்று வயது. காதில் எப்போதும் ஹெட்செட். வீட்டில் என்னோடு பேசுவது 'உம்', 'ம்ஹூம்', 'லேட்டர்' என்ற மூன்று சொல்லில் அடங்கிவிடும். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், இங்கிலீஷில் கேட்டால் தோளைக் குலுக்குவான். ஆனால் இந்த விஷயத்தில் அவன் பண்டிதன். அவனிடமே ஒரு கேம் பெட்டி இருக்கிறது. சாப்பாட்டு மேசைக்கும் அது வரும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். விலையில் பெரிய வித்தியாசமில்லை. டேப்லெட்டில் படம் வரையலாம், கணக்குப் போடலாம், முக்கியமாக என் முகம் பெரிதாகத் தெரியும். கேம் பெட்டியில் விளையாட மட்டும்தான் முடியும். கடைக்காரப் பெண் அதைக் கையில் எடுத்து, இரண்டு ஓரத்திலும் இருந்த பிடியைப் படக்கென்று கழற்றிக் காட்டினாள். ஒரு பிடி ஒருவருக்கு, இன்னொரு பிடி மற்றவருக்கு. இரண்டு பேர் சேர்ந்து விளையாடலாமாம்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு பிடி ஹரிணி கையில் இருக்கும், சரி. மற்றப் பிடி யார் கையில் இருக்கும்? நான் கார்க்கில் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் காசில் வாங்கிய பொருளில் பாதியை அவன் பிடித்துக்கொண்டு, என் மருமகளோடு தோளோடு தோள் சாய்ந்து விளையாடிக்கொண்டிருப்பான். இதற்கு நான் சீர் கொண்டுபோக வேண்டுமா?

"டேப்லெட்டைக் கொடுங்கள்" என்றேன்.

அகிலன் ஹெட்செட்டைக் கழற்றினான். அதுவே அபூர்வம். "அப்பா, அது ஹோம்வொர்க் மாதிரி இருக்கு. அவ கேட்டது இது" என்றான்.

"உனக்குத் தெரியாது, பேசாம வா."

வீட்டுக்கு வந்ததும் ஜெயந்தி டேப்லெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க தம்பி மேல இருக்கிற கடுப்ப அந்தப் பிள்ள தலையில எதுக்குக் கொண்டுபோய் வைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். இந்தப் பெண்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

அன்று உட்கார்ந்து அதற்குக் கணக்குத் திறந்தேன். குழந்தைக் கணக்கு என்றால் பெரியவர் ஒருவர் பொறுப்பாளராக இருக்க வேண்டுமாம். என் பெயரையே போட்டேன். இனி அவள் எந்த விளையாட்டை இறக்க வேண்டுமென்றாலும் என் போனுக்கு அனுமதி கேட்டு வரும், நான் 'சரி' என்று அழுத்த வேண்டும். எனக்கு ஒரே குஷி. எதைக் கேட்டாலும் என்னிடம்தானே கேட்டாக வேண்டும்! கணேசனிடம் கேட்டுப் பார்க்கட்டும்!

4

மதுரையில் இறங்கி, காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தோம். செல்வி வாசலில் ஆரத்தி எடுத்தாள். "தேங்க்ஸ்மா" என்று வாய் தவறி வந்துவிட்டது. ஆரத்தித் தட்டோடு நின்றவள் முகம் சுண்டிப்போயிற்று. "எனக்கு எதுக்குண்ணே தேங்க்ஸ் சொல்லுத?" என்றாள். கார்க்கில் தேங்க்ஸ் சொல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கினால் தப்பு. இங்கே சொன்னால் தப்பு.

ஹரிணி கதவுக்குப் பின்னால் நின்றாள். வளர்ந்திருந்தாள். ஆளை முழுசாகப் பார்க்கிறபோது போனில் தெரிந்தவள் மாதிரியே இல்லை. சீர்த்தட்டில் வைக்கும் வரைக்கும் பொறுக்க முடியாமல் அப்போதே டேப்லெட்டை எடுத்து நீட்டினேன்.

வாங்கிக்கொண்டாள். முன்னும் பின்னும் திருப்பினாள். "டியூஷன் மிஸ் வச்சிருக்காவல்லா, அதே மாதிரி" என்றாள். பிறகு நல்ல பிள்ளையாக, "ரொம்ப நல்லாருக்கு மாமா" என்றாள். செல்வி பின்னாலிருந்து கிள்ளியிருக்க வேண்டும்.

ஒரு விளையாட்டை அழுத்தினாள். 'பொறுப்பாளரின் அனுமதி தேவை' என்று வந்தது. ஊரில் என் அயர்லாந்து போன் வேலை செய்யவில்லை. சிம் மாற்றி, இணையம் பிடித்து, ரகசிய எண் வந்து, அது காலாவதியாகி, மறுபடி கேட்டு, 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று வந்தபோது எனக்கே வியர்த்தது. என் மருமகளுக்கு நானே ஒரு குடியேற்ற அலுவலகம் ஆகிப்போனேன். அவள் டேப்லெட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று ராத்திரியிலிருந்து மாப்பிள்ளை அதில் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கு மட்டும் எந்த அனுமதியும் தேவைப்படவில்லை.

"அருமையான சாமான் மச்சான்" என்று என்னிடம் பாராட்டு வேறு.

மறுநாள் சாயங்காலம் நான் பஜாருக்குப் போய்விட்டு வந்தேன். வீட்டுக்குள் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தால், நடு வீட்டில் அகிலனின் கேம் பெட்டி ஒரு சொம்பு மேல் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் முன்னால் மூன்று பேர் குப்புறப் படுத்திருக்கிறார்கள். ஒரு பிடி ஹரிணி கையில். ஒரு பிடி கணேசன் கையில். நடுவில் என் மகன், ஹெட்செட் இல்லாமல்.

"ஏலே அகிலா, இதுல எப்படிலே குதிக்கது?"

"சித்தப்பா, சிவப்ப அழுத்துங்க! அய்யோ, அது இல்ல, மத்தது! செத்துட்டீங்க சித்தப்பா!"

"எம்புட்டுத் தடவதாம்லே சாவுறது?"

என் மகன் சிரித்தான். பற்கள் தெரியச் சிரித்தான். முழு முழு வாக்கியமாகத் தமிழில் பேசினான். அந்தத் தமிழை நான் சனிக்கிழமை சனிக்கிழமையாக ஒரு தமிழ் வகுப்புக்குக் காரோட்டிக் கொண்டுபோய் விட்டு, வெளியே குளிரில் காத்திருந்து, அவனுக்குள் ஏற்ற முயன்றிருக்கிறேன். அப்போதெல்லாம் வாயைத் திறக்காதவன், சித்தப்பா சாகிறார் என்றதும் பொழிந்து தள்ளுகிறான்.

இது என்ன கொடுமை என்று பாருங்கள். மருமகளுக்காக வயிறெரிந்துகொண்டு வந்தேன். இப்போது மகனுக்காகவும் சேர்த்து எரிந்தது. கணேசன் என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்தான். "வாண்ணே, நீ செத்த நேரம் ஆடு" என்று பிடியை நீட்டினான். அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகவே ஆகாது.

"எனக்கு வேல இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை விருந்தாட்கள் வந்து இறங்கினார்கள். செட்டியார்பட்டியிலிருந்து வந்த ஒரு சித்தி ஹரிணியைக் கூப்பிட்டு, "நாளைக்கி யாரு மடிலட்டி உக்காருவ?" என்று வம்புக்குக் கேட்டாள். அத்தனை பேர் நடுவில் பிள்ளை பட்டென்று சொல்லிவிட்டது: "சின்ன மாமா மடியில."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கணேசன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, பெரிய மாமா மடிதான்" என்று அவளிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான்.

5

மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் வத்திராயிருப்பு தாண்டி, கான்சாபுரத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. வேன் வைத்துக் காலையிலேயே போய்விட்டோம். பொங்கல் வைத்தாயிற்று. சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்தாயிற்று. நடுத்தட்டில், பூவுக்கும் பழத்துக்கும் இடையில், சந்தனம் குங்குமம் வைத்து டேப்லெட். அதை வைப்பதற்கு முன் மாப்பிள்ளையிடமிருந்து வாங்குவது பெரும்பாடாகிவிட்டது. ஆசாரி வந்து தோட்டையும் ஊசியையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கம்பளம் விரித்தார்கள். நான் வேட்டியை இழுத்து விட்டுக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பழக்கம் விட்டுப்போன கால், முட்டி தரையில் படவில்லை. இருந்தாலும் உட்கார்ந்துவிட்டேன். மடியைத் தட்டி, "வா தாயி" என்றேன்.

ஹரிணி வரவில்லை. சுற்றிலும் பார்த்தாள். "சின்ன மாமா எங்க?"

அப்போதுதான் எல்லோருமே தேடினார்கள். கணேசன் இல்லை. செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அவன் ஷிப்ட் மாத்தி வாங்கிட்டுக் காலையிலயே மில்லுக்குப் போயிட்டான்ணே. 'நான் அங்க நின்னா பிள்ள எங்கிட்டதான் ஓடி வரும், அண்ணனுக்குச் சங்கடம், நான் வரல, அண்ணன்ட்ட சொல்லாத'ன்னு சொல்லிட்டான்."

மடி எனக்குத்தான் என்று விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன். இப்போது நல்லவனாக இருக்கிற வாய்ப்பையும் அவனே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதிலும் எனக்குப் பொறாமை வந்தது, மறைக்க மாட்டேன்.

"மாமா வந்தாத்தான் குத்திக்குவேன்" என்று பிள்ளை தூணைக் கட்டிக்கொண்டது. மாப்பிள்ளை போலீஸ் குரலில் அதட்டிப் பார்த்தார். சித்தி டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினாள். அகிலன் தன் கேம் பெட்டியைக் கொடுத்தான். எதற்கும் மசியவில்லை. பத்தரைக்கு ராகு காலம் என்று பூசாரி நினைவுபடுத்தினார். இன்றைக்கு விட்டால் நல்ல நாள் வருவதற்குள் நான் கார்க்கில் இருப்பேன். பிறகு அந்தக் காதுக்கு எந்த வருஷமோ, யாருக்குத் தெரியும்.

"யாராச்சும் அவனுக்குப் போன் போடுங்கப்பா" என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். மூத்தவன் கூப்பிட வேண்டிய போன் அது.

தோப்புக்குள் கொஞ்சம் தள்ளிப் போய்க் கூப்பிட்டேன். மில் இரைச்சலுக்கு நடுவில் எடுத்தான்.

"என்னண்ணே, குத்தியாச்சா? பிள்ள அழுதுச்சா?"

"எங்க குத்த? நீ வந்தாத்தான் உக்காருவாளாம்."

"எங்கிட்ட குடு, நான் சொல்லுதேன். உம் மடியில உக்காருவா."

"போன்ல சொன்னாக் கேக்காதுடா பிள்ள. எனக்குத் தெரியாதா? நீ வா. ப்ளீஸ்டா கணேசா."

அவன் குரல் உடைந்துபோய் வந்தது. "எதுக்குண்ணே இந்தப் பிளீஸெல்லாம்? வாடான்னு சொன்னா வரப்போறேன். நானும் மனுசன்தானண்ணே. ஏழு வருசமா தோள்ல போட்டு வளத்திருக்கேன். மடி மட்டும் உனக்குன்னா எனக்கும் வலிக்காதா? அதப் பாக்க மாட்டாமத்தான் இங்கன ஓடி வந்தேன்."

அதைக் கேட்டதும் என் மனசு உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. 'அப்படியா, உனக்கும் எரிகிறதா?' என்று உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இத்தனை நாளும் நான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"வாடா" என்றேன்.

"வாரேன்" என்றான்.

6

சூப்பர்வைசரிடம் கெஞ்சி வெளியே வந்து, பைக்கை விரட்டிக்கொண்டு பத்தரை ஆவதற்குள் வந்து சேர்ந்தான். காக்கிச் சட்டை, தலைமுடி முழுக்கப் பஞ்சு. ஹரிணி ஓடிப்போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னான். அவள் தலையாட்டினாள். நேராக வந்து என் மடியில் உட்கார்ந்தாள்.

நல்ல கனம். இந்தப் பிள்ளை எவ்வளவு கனக்கும் என்பது எனக்கு அதுவரைக்கும் தெரியாது. தலையில் மல்லிகைப்பூ, வேப்பெண்ணெய் வாசம். ஆசாரி பேனாவால் காதில் புள்ளி வைத்தார். ஊசியைக் கண்டதும் அவள் வீரிட ஆரம்பித்தாள்.

கணேசன் அகிலனிடமிருந்து கேம் பெட்டியை வாங்கினான். எங்கள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். படம் அவளுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி, இரண்டு பக்கமும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, தான் மேலேயிருந்து எட்டித் தலைகீழாகப் பார்த்துக்கொண்டே ஆட ஆரம்பித்தான். இடது வலதாகத் தெரிந்தது அவனுக்கு. பொம்மை எங்கெங்கோ போய் முட்டியது.

"அங்க இல்ல மாமா! இந்தப் பக்கம்! குதி! குதி!" என்று அழுகைக்கு நடுவில் பிள்ளை கத்தினாள். அகிலனும் கத்தினான். தோப்பே கத்தியது. ஆசாரி அந்தச் சந்தில் ஒரு காதை முடித்துவிட்டார். "அம்மா!" என்று ஓர் அலறல். பிடித்துக்கொள்ள அவள் கை முன்னால் நீண்டது. கணேசனின் இரண்டு கையும் கேம் பெட்டியில் இருந்தன. நீண்ட கை திரும்பி வந்து என் கட்டைவிரலைப் பிடித்தது. நகம் இறங்கியது. அடுத்த காதும் முடிந்தது.

எல்லோரும் குலவை போட்டார்கள். கண்ணீரும் தோடுமாக அவள் எழுந்து, "குழியில விழுந்துட்டீங்க மாமா" என்று கணேசனிடம் போய்விட்டாள். என் மடி காலியானது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷம் அடம்பிடித்து வாங்கிய மடியில் நான் பார்த்தது பிள்ளையின் பின்மண்டையை. பூவையும் இரண்டு சடையையும் மட்டும். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தவன் கணேசன். பழையபடி வயிறு எரிய ஆரம்பித்தது.

பந்தி முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவனைப் பிடித்தேன்.

"ஏலே, குத்தும்போது பிள்ள மூஞ்சி எப்படிலே இருந்துச்சு?"

"நான் எங்கண்ணே பாத்தேன்?" என்றான் அவன், குழாயடியில் வாயைத் துடைத்துக்கொண்டே. "அந்தப் பொம்ம செத்துரக் கூடாதேன்னு அதையேதான பாத்துக்கிட்டு இருந்தேன். தலைகீழா வேற தெரியுது, சனியன்."

"நெசமாவா?"

"நெசமா. ஒரு தடவகூட நிமிரல."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. அவனும் பார்க்கவில்லை. இப்படி ஒரு நிம்மதி ஒரு மனுஷனுக்கு வரலாமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. வந்தது, அனுபவித்தேன்.

கணேசன் தண்ணீரை நிறுத்தினான். உடனே போகாமல் நின்றான். தலையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணே, வலியில உன் வெரலத்தான் பிடிச்சாளாமே. செல்வி சொன்னா."

"ஆமா."

"எம்புட்டு அழுத்தமாப் பிடிச்சா?"

"ரொம்ப அழுத்தமாத்தான் பிடிச்சா."

"நகம் பட்டிருக்கா? காட்டு, பாப்போம்."

அவன் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியாதா? ஏழு வருஷமாக நான் தினம் தின்ற சோறு அது. கையைத் துடைக்கிற சாக்கில் கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, வா போவோம்" என்றேன். காட்டவில்லை.